லவுடன் கவுண்டியில் வீட்டு வரி விகிதம் இறங்கிய கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஏப்ரலில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள லவுடன் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு) தன் பட்ஜெட்டை நிறைவேற்றியபோது, வீட்டு வரி விகிதம் நூறு டாலர் மதிப்புக்கு 80.5 சென்ட் என்று முடிவானது. முந்தைய ஆண்டு அது 86.5 சென்ட். 2010-ல் இதே கவுண்டியில் 1 டாலர் 30 சென்ட். பதினைந்து ஆண்டுகளில் விகிதம் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் இறங்கியிருக்கிறது. செலவைச் சுருக்கி இதைச் செய்யவில்லை. மக்கள்தொகை 2010-ல் 3,12,311, 2020-ல் 4,20,959. பள்ளிகள் கூடின, சம்பளங்கள் கூடின, 2022 நவம்பரில் ஆஷ்பர்ன் வரை மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தது. அதற்கான பங்கையும் கவுண்டி கட்டுகிறது.

அப்படியானால் பணம் எங்கிருந்து வந்தது? வீட்டுக்காரருக்கு உண்மையில் எவ்வளவு மிச்சமானது? ஆஷ்பர்ன், பிராம்பிள்டன், சவுத் ரைடிங் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருப்பதால் பலருக்கு இது சொந்த வீட்டுக் கணக்கும்கூட. ஜூன் 5, டிசம்பர் 5 என்று ஆண்டுக்கு இரண்டு கெடுவோடு வரும் பில்லைப் பார்த்துவிட்டு, “விகிதத்தைக் குறைத்தோம் என்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் குறையவில்லை?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லவுடனில் வரி குறைந்தது என்பதைவிட, வரி கட்டுபவர் மாறினார் என்பதே பொருந்தும். புதிதாகக் கட்ட வந்தவை, இணையச் சேவைகளை இயக்கும் டேட்டா சென்டர்களுக்குள் அடுக்கடுக்காக நிற்கும் கம்ப்யூட்டர்கள், அதாவது சர்வர்கள். அவை நிறையக் கட்டுகின்றன. ஆனால் வீட்டைப் போல அவற்றின் மதிப்பு ஏறுவதில்லை, வருடாவருடம் சரிகிறது. கவுண்டியின் பட்ஜெட் இப்போது அந்தச் சரிவின் மேல் நிற்கிறது.

வரி போடுவது யார்

லவுடனை நடத்துவது ஒன்பது பேர் கொண்ட சூப்பர்வைசர் குழு. தலைவரைக் கவுண்டி முழுதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும். மற்ற எட்டுப் பேர் தொகுதிக்கு ஒருவர். ஃபிலிஸ் ராண்டல் 2016-ல் தலைவரானார். அன்றாட நிர்வாகம் குழு நியமிக்கும் கவுண்டி அட்மினிஸ்ட்ரேட்டர் கையில். டிம் ஹெம்ஸ்ட்ரீட் பல ஆண்டுகளாக அந்தப் பொறுப்பில் இருப்பவர். நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. பிப்ரவரியில் அட்மினிஸ்ட்ரேட்டர் வரைவை வைப்பார். அப்புறம் பொதுமக்கள் கருத்துக்கேட்பு, மார்ச்சில் அமர்வு மேல் அமர்வு, ஏப்ரல் தொடக்கத்தில் வாக்கெடுப்பு. அந்த அமர்வுகளில் பேச்செல்லாம் சென்ட் கணக்கில்தான் நடக்கும். அரை சென்ட் குறைத்தால் எந்தத் திட்டம் போகும், ஒரு சென்ட் விட்டுவைத்தால் எத்தனை ஆசிரியர்களை எடுக்கலாம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

செலவில் பெரும்பங்கு பள்ளிகளுக்கு. மாணவர்கள் 80,000-க்கு மேல். வர்ஜீனியாவில் பள்ளிக் குழுவுக்குச் சொந்தமாக வரி போடும் அதிகாரம் கிடையாது. கவுண்டி தரும் பணத்தை நம்பித்தான் இருக்க வேண்டும். கவுண்டியும் நினைத்த வரியைப் போட்டுவிட முடியாது. மாநிலச் சட்டம் எதை அனுமதிக்கிறதோ அதை மட்டுமே போடலாம். உள்ளூர் வருமான வரி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே சொத்து வரிதான் கதி. அதில் இரண்டு வகை. நிலம், வீடு, கட்டடம் ஒரு வகை. கார், இயந்திரம், கம்ப்யூட்டர் போன்ற நகரும் சொத்து இன்னொரு வகை. அமெரிக்காவில் பல மாநிலங்கள் இந்த இரண்டாவது வகையை வரியிலிருந்து விடுவித்துவிட்டன. வர்ஜீனியா விடவில்லை. லவுடனின் கதையே அங்கேதான் தொடங்குகிறது.

89 சென்ட், இரண்டு தடவை

டேட்டா சென்டர்களுக்கு முந்தைய நிலைமையைப் பார்க்காமல் பின்னால் நடந்தது புரியாது. 1990-ல் லவுடனில் 86,129 பேர். 2000-ல் 1,69,599. அடுத்த பத்தாண்டில் அதுவும் ஏறக்குறைய இரட்டிப்பானது. பண்ணை நிலங்கள் வீட்டு மனைகளாக மாறின. வந்தவர்களில் பெரும்பாலோர் சின்னக் குழந்தைகளோடு வந்த குடும்பங்கள். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போனால், அந்த வீடு கட்டும் வரி அந்த இருவருக்கு ஆகும் செலவுக்கே எட்டாது. வீடுகள் கூடக் கூடப் பற்றாக்குறையும் கூடியது. கடன் வாங்கிப் பள்ளி கட்டினார்கள், அந்தக் கடனை அடைக்க வரியை ஏற்றினார்கள்.

2006-ல் விகிதம் 89 சென்ட். வீட்டு விலை குமிழ் உச்சியில் இருந்த நேரம். மதிப்பு ஏறிக் கிடந்ததால் குறைந்த விகிதமே போதுமாக இருந்தது. விலை சரியத் தொடங்கியதும் விகிதம் 2007-ல் 96 சென்ட், 2008-ல் 1.14 டாலர், 2009-ல் 1.245, 2010-ல் 1.30 என்று படிப்படியாக ஏறியது. மதிப்பு இறங்கியதை விகிதத்தால் ஈடுகட்டினார்கள், அவ்வளவுதான்.

இதே 89 சென்ட் 2022-ல் மறுபடி வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பாதை இப்படி: 2013-ல் 1.205, 2015-ல் 1.135, 2018-ல் 1.085, 2020-ல் 1.035, 2021-ல் 98 சென்ட், அப்புறம் 89. எண் ஒன்றுதான், காரணம் முற்றிலும் வேறு. 2006-ல் வீட்டு மதிப்பு மட்டுமே பட்ஜெட்டைத் தாங்கியது. 2022-ல் வீட்டு மதிப்பும் ஏறியிருந்தது, பக்கத்தில் இன்னொரு பெரிய வரவும் இருந்தது. வரி விகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கவுண்டி சிக்கனமானதா ஊதாரியா என்று தீர்ப்புச் சொல்பவர்கள் இந்த இரண்டு 89-களையும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

குடும்ப வருமானத்தில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் கவுண்டி இது. ஆனாலும் 2010-களின் நடுப்பகுதி வரை எல்லாக் குழந்தைகளுக்கும் முழுநாள் கிண்டர்கார்டன் தர அதனால் முடியவில்லை. பாதி நாளோடு குழந்தை வீட்டுக்கு வந்துவிடும். வேலைக்குப் போகும் பெற்றோர் மீதி நாளைக்குத் தங்கள் செலவில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வீட்டு வரியை மட்டுமே நம்பிய பட்ஜெட் எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி தெரியவில்லை.

ஆஷ்பர்னுக்கு வந்த கேபிள்கள்

இணையத்தின் தொடக்ககால இணைப்பு மையங்களில் ஒன்றான மே-ஈஸ்ட் வடக்கு வர்ஜீனியாவில்தான் இருந்தது. இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல் 1996-ல் தன் தலைமையகத்தை டல்லஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் லவுடனுக்குள் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் ஈக்வினிக்ஸ் நிறுவனம் ஆஷ்பர்னில் இணைப்பு மையம் திறந்தது. இணைய நிறுவனங்களைக் கவிழ்த்த டாட்காம் சரிவில் பல நிறுவனங்கள் காணாமல் போயின. மண்ணுக்கடியில் புதைத்த கண்ணாடி இழைக் கேபிள்கள் மட்டும் அங்கேயே கிடந்தன. தட்டையான நிலம், பக்கத்தில் தண்ணீர், அப்போது மலிவாகக் கிடைத்த மின்சாரம், தலைநகர் வாஷிங்டன் கூப்பிடு தூரம். மேகக் கணினிச் சேவைகள் இடம் தேடத் தொடங்கியபோது ஆஷ்பர்ன் தயாராக இருந்தது. உலக இணையப் போக்குவரத்தில் 70 சதவீதம் இந்த ஊர் வழியாகப் போகிறது என்று ஒரு பேச்சு உண்டு. ஊரே பெருமையாகச் சொல்லும்; எப்படி அளந்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. அந்த எண்ணை விட்டுவிடலாம்.

2007-ல் கவுண்டியின் பொருளாதார மேம்பாட்டுத் துறைக்கு வந்தவர் பட்டி ரைசர். அதற்கு முன் வானொலித் துறையில் இருந்தவர். அலுவலகங்களும் கடைகளும் காலியாகிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் டேட்டா சென்டர்களைத் தேடிப்பிடித்து அழைத்தார். மாநிலமும் 2008-ல் சட்டம் இயற்றி, குறிப்பிட்ட அளவு முதலீடும் வேலைவாய்ப்பும் காட்டும் டேட்டா சென்டர்களுக்குச் சாதனங்கள் மீதான விற்பனை வரியைத் தள்ளுபடி செய்தது. கவுண்டி தன் பங்குக்கு, எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதிகளை எளிதாக வைத்திருந்தது: அலுவலகம், தொழில் என்று ஒதுக்கிய பல பகுதிகளில் டேட்டா சென்டர் கட்டக் குழுவின் தனி அனுமதி தேவையில்லை. திட்டம் விதிக்குப் பொருந்தினால் போதும், கட்டலாம். பொதுக் கூட்டமும் வாக்கெடுப்பும் இல்லாமல் வேலை நடக்கும் என்பது அந்த நிறுவனங்களுக்குத் தள்ளுபடியைவிட இனிப்பான விஷயம்.

ஒன்றை மட்டும் லவுடன் விட்டுக்கொடுக்கவில்லை. கம்ப்யூட்டர்கள் மீது ஆண்டுதோறும் போடும் நகரும் சொத்து வரியைப் பெரிய அளவில் குறைத்துத் தரவில்லை. பக்கத்துக் கவுண்டியான பிரின்ஸ் வில்லியம் போட்டிக்காகத் தன் கம்ப்யூட்டர் வரி விகிதத்தை நூறு டாலருக்கு 1.25 டாலர் என்று வைத்திருந்த காலத்தில், லவுடன் 4.20 டாலர் வாங்கியது. நிறுவனங்கள் அப்போதும் லவுடனுக்கு வந்தன. கேபிள் அங்கேதானே இருக்கிறது.

ஒரு கோடி டாலர் சர்வரின் ஐந்து ஆண்டுகள்

இந்த வரி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு டேட்டா சென்டர் நிறுவனம் ஒரு கோடி டாலருக்குச் சர்வர்கள் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கவுண்டி அந்தச் சாதனங்களைச் சந்தை விலை பார்த்து மதிப்பிடுவதில்லை. வாங்கிய விலையை வைத்துத் தேய்மான அட்டவணைப்படி கணக்கிடுகிறது. முதல் ஆண்டு விலையில் 50 சதவீதம், இரண்டாம் ஆண்டு 40, மூன்றாம் ஆண்டு 30, நான்காம் ஆண்டு 20, ஐந்தாம் ஆண்டிலிருந்து 10. 2025-ல் விகிதம் நூறு டாலருக்கு 4.15 டாலர்.

முதல் ஆண்டு வரி 2,07,500 டாலர். இரண்டாம் ஆண்டு 1,66,000. அடுத்து 1,24,500. அடுத்து 83,000. ஐந்தாம் ஆண்டில் 41,500. அதே பெட்டி, அதே அறை, அதே மின்சாரம். கவுண்டிக்கு வரும் வரவு மட்டும் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. பழையதைக் கழற்றிப் போட்டுப் புதியதை மாட்டினால் மறுபடி இரண்டு லட்சத்திலிருந்து தொடங்கும். எனவே வரவின் அளவு கட்டடங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது மட்டுமில்லை. உள்ளே இருக்கும் இயந்திரங்களின் சராசரி வயதையும் பொறுத்தது. புதுக் கட்டடம் திறக்கும் ஆண்டில் வரவு குதிக்கும். பழைய கட்டடங்கள் சாதனத்தை மாற்றாமல் ஓட்டினால் வரவு தேயும்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. வர்ஜீனியாவில் பள்ளிகளுக்கான மாநில உதவியைத் தீர்மானிக்க, ஒவ்வொரு ஊரும் எவ்வளவு வசதியானது என்று ஒரு குறியீடு போடுகிறார்கள். அதில் பாதி எடை நிலம், கட்டடங்களின் மதிப்புக்கு. 40 சதவீதம் மக்களின் வருமானத்துக்கு. 10 சதவீதம் சில்லறை விற்பனைக்கு. வசதியான ஊருக்கு உதவி குறையும். டேட்டா சென்டர் கட்டடம் இந்தக் கணக்கில் சேரும், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் சேராது. அதாவது வீட்டு மதிப்பு ஏறினால் கவுண்டிக்கு வரி கூடும், மாநில உதவி குறையும். கம்ப்யூட்டர் கூடினால் வரி மட்டும் கூடும். நிதித் துறையில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வரவு கிடைக்குமா?

டேட்டா சென்டருக்குப் பள்ளியும் வேண்டாம், நூலகமும் வேண்டாம். கவுண்டியின் பொருளாதார மேம்பாட்டுத் துறை அடிக்கடி சொல்லும் கணக்கு: டேட்டா சென்டர்களுக்காகச் செலவாகும் ஒவ்வொரு டாலருக்கும் 26 டாலர் வரி வருகிறது. தன் சரக்கை விற்கிறவர் சொல்லும் கணக்கு என்பதை மறந்துவிடக்கூடாது. ஆனாலும் திசை சரிதான். 2025 நிதியாண்டில் டேட்டா சென்டர்களிடமிருந்து மட்டும் ஏறக்குறைய 90 கோடி டாலர் வரும் என்று எதிர்பார்த்தார்கள்; பள்ளிகளை நீக்கிவிட்டுப் பார்த்தால், கவுண்டி நிர்வாகத்தின் நடப்புச் செலவு முழுவதையும் கிட்டத்தட்ட ஈடுகட்டும் தொகை.

2021-ல் வந்த துண்டு

2021-ல் கணக்கு சறுக்கியது. கம்ப்யூட்டர் வரி எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 6 கோடி டாலர் குறைவாக வந்தது. கட்டடங்கள் எங்கும் போய்விடவில்லை, எந்த நிறுவனமும் மூடவில்லை. எதிர்பார்த்த அளவுக்குப் புதுச் சாதனங்கள் உள்ளே வரவில்லை. இருந்தவை அட்டவணைப்படி தேய்ந்தன.

இதில் கவுண்டியின் இக்கட்டு என்னவென்றால், ஜனவரி 1 அன்று உள்ளே என்ன இருந்தது என்பதை வைத்துத்தான் வரி. நிறுவனங்கள் தங்கள் சாதனப் பட்டியலைத் தாக்கல் செய்து, அது முழுதாகக் கைக்கு வருவதற்குள் பட்ஜெட் நிறைவேறிவிடும். ஆசிரியர் சம்பளம், தீயணைப்பு வீரர் சம்பளம், வீட்டு வரி விகிதம் எல்லாம் முடிவான பிறகுதான் உண்மையான எண் தெரியும். வீட்டு மதிப்பு அப்படியில்லை. ஆண்டுத் தொடக்கத்திலேயே மதிப்பீட்டு அறிவிப்பு வீடுவீடாகப் போய்விடும்.

அதே காலத்தில் பெரிய நிறுவனங்கள் தங்கள் கணக்குப் புத்தகங்களில் சர்வரின் ஆயுளை நீட்டிக்கொண்டிருந்தன. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2021-ல் மூன்று ஆண்டிலிருந்து நான்காக்கியது, 2023-ல் ஆறாக்கியது. மைக்ரோசாஃப்ட் 2022-ல் நான்கிலிருந்து ஆறுக்குப் போனது. அமேசானும் அதே வழிதான். கணக்குப் புத்தகத்தில் ஆயுள் கூடுவதால் லவுடனின் அட்டவணை மாறிவிடாது. ஆனால் ஒரு இயந்திரத்தை ஆறு ஆண்டு ஓட்டலாம் என்று நிறுவனம் முடிவு செய்தால், ஐந்தாவது, ஆறாவது ஆண்டுகளில் கவுண்டிக்குக் கிடைப்பது விலையின் 10 சதவீதத்துக்கான வரி மட்டுமே. சியாட்டிலிலும் கலிஃபோர்னியாவிலும் எடுக்கும் முடிவு, லவுடனின் தலைநகரான லீஸ்பர்க்கில் பள்ளி பட்ஜெட்டைத் தொடும்.

செயற்கை நுண்ணறிவுக்கான சிப்புகள் வந்ததும் வாங்கும் வேகம் மறுபடி கூடியது, வரவும் கூடியது. 2021-ல் பட்ட சூடு மறந்துபோகாமல் இருக்க ஹெம்ஸ்ட்ரீட்டும் அவர் அலுவலர்களும் ஒரே தொழிலை இவ்வளவு நம்பக்கூடாது என்று பட்ஜெட் நேரத்தில் திரும்பத் திரும்ப எச்சரித்து வந்திருக்கிறார்கள். சூப்பர்வைசர்களும் தலையாட்டுவார்கள். ஆனால் தேர்தலில் நிற்கிறவருக்கு, கையில் இருக்கும் வரவை வைத்து வீட்டு வரியைக் குறைக்காமல் இருப்பது சுலபமில்லை.

விகிதமும் பில்லும்

இப்போது வீட்டுக்காரரின் கேள்விக்கு வருவோம். 2013-ல் 5,00,000 டாலர் மதிப்புள்ள ஒரு வீடு. விகிதம் 1.205. வரி 6,025 டாலர். அதே வீடு 2025-ல் 8,00,000 என்று மதிப்பிடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 80.5 சென்ட். வரி 6,440 டாலர். விகிதம் மூன்றில் ஒரு பங்கு இறங்கியும் பில் 415 டாலர் ஏறியிருக்கிறது.

கவுண்டிக்காரர் வேறு மாதிரி கணக்குப் போடுவார்: 2013-ன் விகிதமே இருந்திருந்தால் இந்த வீடு 9,640 டாலர் கட்டியிருக்க வேண்டும், நாங்கள் 3,200 டாலரை மிச்சம் பண்ணியிருக்கிறோம். இரண்டு பேர் சொல்வதும் சரி. இடைப்பட்ட காலத்தில் விலைவாசி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருப்பதையும் சேர்த்தால், பில் உண்மை மதிப்பில் இறங்கியிருக்கிறது என்பதே என் கணக்கு. ஆனால் காசோலை எழுதுகிறவர் போன ஆண்டு பில்லோடுதான் ஒப்பிடுவார், 2013-ன் விலைவாசியோடு அல்ல.

வர்ஜீனியா சட்டத்தில் இதற்கு ஒரு கடிவாளம் உண்டு. வீட்டு மதிப்பு ஏறியதால் மட்டும் வரவு முந்தைய ஆண்டைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் கூடுமானால், அந்தக் கூடுதலை நீக்கும் அளவுக்கு விகிதத்தைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் இது நடைமுறையில் வரி உயர்வுதான் என்று விளம்பரம் கொடுத்து, தனியாகக் கருத்துக்கேட்பு நடத்தி, பிறகு வாக்களிக்க வேண்டும். புதிதாகக் கட்டிய வீடுகளின் வரவு இந்தக் கணக்கில் சேராது. விகிதத்தை இரண்டு சென்ட் குறைத்துவிட்டு வரியைக் குறைத்ததாக மேடையில் பேசும் எவரையும் இந்த விளம்பரம் மாட்டிவிடும். செய்தித்தாளின் மூலையில் பொடி எழுத்தில் வருவதால் படிப்பவர் கொஞ்சம்தான், அது வேறு விஷயம்.

இந்த அளவுகோலில் 2025 பரவாயில்லை. 86.5-லிருந்து 80.5-க்கு வந்ததால், மதிப்பு ஏறக்குறைய ஏழரை சதவீதம் வரை ஏறிய வீட்டுக்கும் பில் கூடாது.

பக்கத்துக் கவுண்டியோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் 2025-ன் விகிதம் 1.1225 டாலர். 7,00,000 டாலர் வீட்டுக்கு அங்கே ஏறக்குறைய 7,858 டாலர், லவுடனில் 5,635. சாலையின் இந்தப் பக்கம் இருப்பதற்கே ஆண்டுக்கு 2,200 டாலர் வித்தியாசம். ஃபேர்ஃபாக்ஸில் மழைநீர் வடிகாலுக்கான வரி போன்ற சில்லறைகள் தனி. லவுடனிலும் லீஸ்பர்க் போன்ற நகர எல்லைக்குள் இருப்பவர்கள் நகர வரி தனியாகக் கட்ட வேண்டும். அலுவலகக் கட்டடங்கள் காலியாகி மதிப்பு இறங்கியதில் ஃபேர்ஃபாக்ஸுக்கு நெருக்கடி. அது 2026 ஜனவரி முதல் உணவகச் சாப்பாட்டுக்கு 4 சதவீத வரி போட முடிவு செய்தது. லவுடனுக்கு அந்த நிலை வரவில்லை.

வேறு பில்களில் வரும் செலவு

வீட்டு வரியில் குறைந்தது மின் கட்டணத்தில் திரும்பி வரக்கூடும். 2022 கோடையில் டொமினியன் மின் நிறுவனம், கிழக்கு லவுடனில் புது டேட்டா சென்டர்களுக்குத் தேவையான மின்சாரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் அளவுக்குக் கடத்துகம்பிகள் இல்லை, சில ஆண்டுகள் ஆகும் என்று சொன்னது. கேட்டவர்களுக்கு அதிர்ச்சி. கட்டடத்துக்கு அனுமதி கொடுப்பது கவுண்டி, மின்சாரத்துக்குப் பொறுப்பு வேறொருவர். இரண்டையும் சேர்த்து யாரும் கணக்குப் பார்த்திருக்கவில்லை.

மாநில சட்டமன்றத்தின் தணிக்கை, ஆய்வு அமைப்பான ஜேலார்க் 2024 டிசம்பரில் டேட்டா சென்டர்கள் பற்றி வெளியிட்ட அறிக்கை, டொமினியனின் சாதாரண வீட்டு வாடிக்கையாளருக்கு 2040-க்குள் மாதம் 14 முதல் 37 டாலர் வரை கூடுதலாகலாம் என்று மதிப்பிட்டது, விலைவாசி உயர்வு போக. ஆண்டுக்குப் போட்டால் 168 முதல் 444 டாலர். லவுடன்காரருக்கு அதை ஈடுகட்ட வரிச் சலுகை இருக்கிறது. டேட்டா சென்டரே இல்லாத ஏதோ ஓர் ஊரில் டொமினியன் மின்சாரம் வாங்குபவருக்கு பில் மட்டும்தான் வரும். 2023 நிதியாண்டில் விற்பனை வரித் தள்ளுபடியால் விட்டுக்கொடுத்த தொகையும் 92.8 கோடி டாலர் என்று அதே அமைப்பு கணக்கிட்டது. லவுடனின் வெற்றிக்கு மாநிலம் முழுதும் பங்கு போட்டிருக்கிறது என்பதை லவுடனில் யாரும் அதிகம் சொல்வதில்லை.

கவுண்டிக்குள்ளேயும் சுமை சமமாக விழவில்லை. உயர் மின்னழுத்தக் கோபுரங்கள் வரும் என்றதும் லேன்ஸ்டவுன் பக்கத்துக் குடியிருப்புகள் கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொல்லிப் போராடின. கட்டடத்தை ஒட்டிய வீடுகளில் குளிர்விக்கும் விசிறிகளின் ரீங்காரம் ராப்பகலாகக் கேட்கும். சோதனைக்காக ஓட்டும் டீசல் ஜெனரேட்டர்களின் புகையும் உண்டு. இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம் சதுர அடிக் கட்டடம் ஒன்றில் நிரந்தர வேலை பார்ப்பவர்கள் சுமார் 50 பேர்தான் என்கிறது ஜேலார்க். கட்டும்போது உச்சத்தில் 1,500 பேர் வரை இருப்பார்கள், கட்டி முடித்ததும் போய்விடுவார்கள்.

எனக்குப் பெரிய சிக்கலாகப் படுவது நிலம். டேட்டா சென்டருக்கு உகந்த ஒரு ஏக்கர் இருபது லட்சம் டாலரைத் தாண்டிப் போனபின், அந்த விலைக்கு வேறு எந்தத் தொழிலும் அங்கே வர முடியாது. ஒரே தொழிலை நம்பக்கூடாது என்று அலுவலர்கள் எச்சரிக்கிறார்கள். ஆனால் வேறு தொழில் வரவேண்டிய நிலத்தை அந்த ஒரே தொழில்தான் விலை ஏற்றி வாங்குகிறது. 4 கோடி சதுர அடிக்கு மேல் கட்டியாகிவிட்டது. இந்தச் சுழலிலிருந்து வெளியே வர, வரி விகிதத்தைத் திருத்துவதால் மட்டும் ஆகாது.

2025-ன் இரண்டு முடிவுகள்

மார்ச் மாதம் குழு மண்டல விதியை மாற்றியது. இனி எந்தப் பகுதியிலும் டேட்டா சென்டர் தானாகக் கட்டிக்கொள்ள முடியாது. ஒவ்வொன்றும் பொதுக் கருத்துக்கேட்புக்கு வந்து குழுவின் வாக்கைப் பெற வேண்டும். ஏற்கெனவே ஒப்புதல் வாங்கியவை ஏராளம், அவை தொடரும். அதனால் வரவு உடனே நின்றுவிடாது. வளர்ச்சியின் வேகம் சில ஆண்டுகள் கழித்து மட்டுப்பட்டால், தேய்மான அட்டவணை தன் வேலையைக் காட்டும். அப்போது விகிதத்தை மறுபடி ஏற்றாமல் இருக்க வேண்டுமானால், இன்றைய வரவில் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வரும் சம்பளச் செலவில் கரைக்காமல், பள்ளிக் கட்டடம், சாலை போன்ற ஒருமுறைச் செலவுக்கும் கடனைக் குறைப்பதற்கும் திருப்ப வேண்டும். மாநிலத் தலைநகர் ரிச்மண்ட் பக்கத்து ஹென்ரைகோ கவுண்டி 2024-ல் டேட்டா சென்டர் வரவிலிருந்து 6 கோடி டாலரை நடுத்தரக் குடும்பங்கள் வாங்கக்கூடிய வீடுகளுக்கான நிதிக்கு ஒதுக்கியது. வரிச் சலுகையாக எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிரித்துத் தராமல், ஒரே காரியத்துக்குப் போட்டார்கள். எனக்கு அந்த முடிவு பிடித்திருக்கிறது. ஓட்டு விழுமா என்பது தெரியாது.

ஏப்ரலில் எடுத்த முடிவு கார் வரி. வர்ஜீனியாவில் இது வீட்டு வரியைவிட எரிச்சலூட்டும் வரி. 1997-ல் ஜிம் கில்மோர் கார் வரியை ஒழிப்பேன் என்று சொல்லியே கவர்னர் தேர்தலில் ஜெயித்தார். முழுதாக ஒழியவில்லை, மாநிலம் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கிறது. லவுடனில் காருக்கும் தொழில் சாதனங்களுக்கும் ஒரே விகிதம் இருந்ததால், ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும். 2025-ல் காரைத் தனி வகையாகப் பிரித்தார்கள். காருக்கு விகிதம் 4.15-லிருந்து 3.48 ஆனது. 30,000 டாலர் காருக்கு, மாநில உதவியைக் கழிக்கும் முன், 1,245 டாலர் இருந்தது 1,044 ஆனது. கம்ப்யூட்டர்களுக்கு 4.15 அப்படியே நின்றது. வாக்களிப்பவரின் காருக்குச் சலுகை, வாக்கில்லாத சர்வருக்கு முழு விகிதம். அரசியலாகவும் நிதியாகவும் கச்சிதமான வேலை.

குறைந்த விகிதத்தைக் காட்டி அழைத்த பிரின்ஸ் வில்லியமும் இப்போது மனம் மாறியிருக்கிறது. அங்கே 1.25 டாலராக இருந்த கம்ப்யூட்டர் வரி படிப்படியாக ஏறி 2023-ல் 2.15 ஆனது, 2024-ல் 3.70. மனாஸஸ் போர்க்களப் பூங்காவை ஒட்டி அந்தக் கவுண்டி 2023 டிசம்பரில் ஒப்புதல் அளித்த மாபெரும் டேட்டா சென்டர் வளாகத் திட்டத்தை, அறிவிப்பு முறைப்படி கொடுக்கப்படவில்லை என்று 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் செல்லாததாக்கியது. பல ஆண்டுகள் அந்தக் கவுண்டி, லவுடன் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான விகிதத்தில் விட்டுக்கொடுத்த வரியை இனி யாரும் திரும்பக் கட்டப் போவதில்லை.